வாப்பாவின் அளவு நாடா

எங்கள் வீட்டில் மூன்று பொருட்களைக் கேட்காமல் தொடக்கூடாது. வாப்பாவின் கத்தரிக்கோல், அவரது அளவு நாடா, ஓவர்லொக் மெஷின் வாங்குவதற்காக அவர் பிஸ்கட் தகரத்தில் சேர்த்துவரும் காசு. நான் மூன்றாவதைத் தொட்டேன். கேட்டுத்தான் தொட்டேன். ஆனாலும் அது பிழையாகிப் போனது.

என் வாப்பா நுவரெலியா பஸாரில் தையற்கடை வைத்திருக்கிறார். எங்கள் ஊருக்கு வந்தவர்களுக்குத் தெரியும், நகரத்தோடு ஒட்டியே பச்சைப் பசேலென்று கோல்ப் மைதானம் விரிந்து கிடக்கிறது. தோட்டத் துரைமாரின் காலத்தில், 1889ஆம் ஆண்டில் தொடங்கிய கழகம் அது. கொழும்புக் கழகம் அதைவிடப் பத்து வருடம் மூத்தது. ஆட வருபவர்களின் பையைச் சுமந்து செல்பவரைக் 'கெடி' என்பார்கள். அப்படி நாற்பது வருடம் சுமந்த ஒரு மாமா, அறுந்துபோன பைப்பட்டிகளைத் தைக்க எங்கள் கடைக்கு வருவார். அவர் சொல்லும் கதைகளைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு இந்த ஆசை பிறந்தது. பயிற்சி செய்யும் பக்கத்தில் பந்தடித்துப் பழக எனக்கு அனுமதி வாங்கித் தந்தவரும் அவர்தான்.

முதல் இரண்டு மாதமும் அவரது பழைய மட்டை ஒன்றால் ஆடினேன். பந்து தூரம் போகவில்லை. மட்டைதான் காரணம் என்று முடிவு கட்டினேன். பழைய பொருட்கள் விற்கும் ஒருவரிடம் பளபளப்பான கறுப்பு 'ட்ரைவர்' ஒன்று இருப்பதை அறிந்தேன். விலை 32,000 ரூபா. சர்வதேசப் போட்டிகளில் ஆடுபவர்கள் இப்படிப்பட்டதைத்தான் பிடிக்கிறார்கள் என்று விற்றவர் சொன்னார். நான் வாப்பாவிடம் போய் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தகரத்தைத் திறந்தார். உம்மா ஒன்றும் பேசாமல் குசினிக்குள் போய்விட்டார்.

அந்த மட்டையால் நான் அடித்த பந்துகள் தரையோடு உருண்டன. இல்லாவிட்டால் வலப்பக்கம் வளைந்து மரங்களுக்குள் போய் மறைந்தன. இரண்டு வாரத்தில் என் விலாவும் நோவெடுத்தது. வெட்கத்தில் மட்டையைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். கூட்டும்போது உம்மா கண்டுபிடித்து வாப்பாவிடம் கொடுத்துவிட்டார். வாப்பா ஏசவில்லை. மாமாவைக் கடைக்கு வரச் சொன்னார்.

மாமா மட்டையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "புள்ள, இது ஒனக்கான கம்பு இல்ல. இது பலசாலி ஆம்பளைக்குச் செஞ்சது."

பிறகு விளக்கினார். மட்டையின் முகம் எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அந்த அளவுக்குப் பந்து மேலே எழும். என் ட்ரைவரின் சாய்வு 9 பாகை. வேகமாக வீசுபவர் அடித்தால் அந்தச் சாய்வே போதும். மெதுவாக வீசுபவருக்கு 12 பாகைபோல் இருந்தால்தான் பந்து காற்றில் நிற்கும். தண்டும் அப்படித்தான். மிக விறைப்பான தண்டு மெல்லிய வீச்சுக்கு வளைந்து கொடுக்காது. நீளம் கூடக்கூட, பந்தை மட்டையின் நடுவில் பிடிப்பதும் கடினமாகும். வாங்கப் போகும்போது இந்த மூன்றில் ஒன்றையாவது நான் கேட்கவில்லை. நிறத்தையும் பளபளப்பையும் மட்டும்தான் பார்த்தேன்.

வாப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அப்ப இதுக்கும் அளவு எடுக்கோணுமா?"

"எடுக்காம எப்புடி நானா? கால்சட்ட மாதிரிதான்" என்றார் மாமா.

வாப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. கழுத்தில் தொங்கிய நாடாவை எடுத்தார். என்னைச் சப்பாத்தோடு நேராக நிற்கச் சொல்லி, மணிக்கட்டிலிருந்து தரைவரை அளந்தார். என் உயரத்தையும் அளந்து, சட்டை அளவு எழுதும் கொப்பியிலேயே என் பெயரைப் போட்டு எழுதினார். நான் பிறந்த நாளிலிருந்து எனக்கு எத்தனையோ உடுப்புத் தைத்தவர், விளையாட்டுக்காக என்னை அளந்தது அன்றுதான்.

சட்டப்படி ஒருவர் 14 மட்டைகள் வரை பையில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பழகுபவருக்கு ஏழு போதும் என்று மாமா சொன்னார். முன்பு ஓர் ஆட்டக்காரர் அவருக்குக் கொடுத்துவிட்டுப் போன பழைய அரைத்தொகுதியை எனக்குத் தந்தார். அதில் ஒரு வுட், 5, 7, 9 என்று மூன்று அயன்கள், இரண்டு வெஜ்கள், ஒரு பட்டர் இருந்தன. அயனில் இலக்கம் கூடக்கூடப் பந்து உயரமாகவும் கிட்டவும் விழும். குறைந்தால் தாழ்வாகவும் தூரமாகவும் போகும். பட்டர் என்பது பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டை. "பட்டரா? பாணுக்குப் பூசுறதா?" என்று தம்பி சிரித்தான்.

அவை எனக்கு நீளமாக இருந்தன. ஆணி வெட்டும் வாளால் ஒவ்வொன்றின் மேற்புறத்திலும் ஓர் அங்குலம் வெட்டினோம். அதற்கு மேல் வெட்டவேண்டாம் என்று மாமா தடுத்தார். வெட்ட வெட்டத் தண்டு விறைப்பாகும், மட்டையின் தலையும் பாரமில்லாததுபோல் தோன்றும். பிறகு இரண்டு பக்கமும் ஒட்டும் நாடாவைச் சுற்றி, கொஞ்சம் தின்னர் ஊற்றி, புதிய பிடி மாட்டினோம். இடது கையால் பிடித்தபோது நடுவிரலும் மோதிர விரலும் உள்ளங்கையை இலேசாகத் தொட்டன. பிடியின் பருமன் சரி என்பதற்கு அதுவே அடையாளமாம்.

வாப்பாவிடம் இன்னும் ஒரு வித்தை இருந்தது. தையல் சோக்கை எடுத்து மட்டையின் முகத்தில் பூசினார். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் பந்து பட்ட இடம் சோக்கில் தெரிந்தது. நடுவில் படுகிறது என்று நான் நினைத்திருந்த பந்துகள் எல்லாம் நுனியில் பட்டிருந்தன! அதற்குப் பிறகு நூறு பந்துகளை வாரி அடிப்பதை விட்டுவிட்டேன். சோக்குப் பூசி முப்பது பந்துகளை மட்டும் பார்த்துப் பார்த்து அடித்தேன்.

மாமா என்னை ஒரு சீ.ஆர். கொப்பி வைக்கச் சொன்னார். ஒன்பது குழிகளுக்கு எத்தனை அடி, அதில் எத்தனை பட்டரால் என்று எழுதி வந்தேன். முதல் தடவை மொத்தம் 72 அடிகள். அவற்றில் 26 பட்டரால் அடித்தவை. தூரம் போகவில்லை என்று காசைக் கொட்டினேன். ஆனால் என் அடிகளில் மூன்றிலொன்றுக்கு மேல் குழிக்குப் பக்கத்திலேயே வீணாகிக் கொண்டிருந்தன. ஒரு மைதானத்துக்கு 'பார்' கணக்கிடும்போதும் குழிக்கு இரண்டு பட்டர் அடிகளைச் சேர்த்துத்தான் கணக்கிடுகிறார்கள். 72 பார் என்றால் அதில் 36 அப்படியே போய்விடுகிறது.

குழியின் விட்டம் 108 மில்லிமீற்றர். வாப்பா கறுப்புத் துணியில் அதே அளவுக்கு ஒரு வட்டம் வெட்டித் தந்தார். இரவில் கடை பூட்டிய பிறகு, துண்டுத் துணிகளைக் கூட்டித் தள்ளிவிட்டு, சீமெந்துத் தரையில் அந்த வட்டத்தை வைத்துப் பந்து உருட்டினேன். தரை வழுக்கும், பந்து ஓடிவிடும். அதனாலேயே கை மெதுவாகப் பழகியது. மூன்று மாதத்தில் 26 அடிகள் 20 ஆகின.

ட்ரைவரை விற்றோம். 21,000தான் கிடைத்தது. மீதி 11,000த்தை நான் தருவேன் என்று வாப்பாவிடம் சொன்னேன். விடுமுறை நாட்களில் பட்டன் துளை தைத்தும், கால்சட்டைகளுக்குக் கீழ்மடிப்பு அடித்தும் கழித்து வருகிறேன்.

கடந்த விடுமுறையில் என்னைப்போல் பழகும் இன்னும் இரண்டு பிள்ளைகளோடு ஒன்பது குழிகள் ஆடினேன். ஒருவரின் அட்டையை மற்றவர் எழுதவேண்டும். 60க்குக் கீழே வருவேன், 59 அடிப்பேன் என்று முதல் நாள் இரவு வாப்பாவிடம் சொல்லியிருந்தேன். அவர் கடையை ஒரு மணித்தியாலம் பூட்டிவிட்டு வந்து பாதையோரம் நின்றார்.

ஏழாவது குழியில் என் பந்து சைப்ரஸ் மரத்தடியில், காய்ந்த சருகின் மேல் கிடந்தது. பந்துக்குப் பின்னால் மட்டையை வைத்தேன். சருகு அசைந்தது. பந்து அரைச் சுற்று உருண்டு நின்றது. என் அட்டையை எழுதியவள் தூரத்தில் தன் பந்தைத் தேடிக்கொண்டிருந்தாள். வாப்பாவுக்கு அங்கிருந்து தெரிய வழியே இல்லை. ஆட்டக்காரரே பந்தை அசைத்துவிட்டால், அதைப் பழைய இடத்தில் வைத்து ஓர் அடியைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். இந்த விளையாட்டில் ஒவ்வொருவருக்கும் பின்னால் நடுவர் வருவதில்லை. நான் சிறிது நேரம் அப்படியே நின்றேன். பிறகு பந்தைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

முடிவில் கூட்டிப் பார்த்தபோது சரியாக 60.

வீட்டுக்கு நடக்கும்போது வாப்பா கேட்டார், "59 என்டுதானே சொன்னீங்க மகள்?" நடந்ததைச் சொன்னேன். தொண்டை அடைத்தது.

வாப்பா கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். பிறகு சொன்னார்: "இடுப்பு முப்பத்திரண்டு என்டா முப்பத்திரண்டுதான். ஆள் சந்தோசப்படட்டும் என்டு கொப்பில முப்பது எழுதினா, கால்சட்ட இறுகும். ஒங்கட அளவு இப்ப அறுபது. அது சரியான அளவு."

அன்றிரவு அளவுக் கொப்பியில், என் பெயருக்கு நேரே, மணிக்கட்டு அளவுக்குக் கீழே, அவர் '60' என்று எழுதித் திகதியும் போட்டார். தகரத்தில் இன்னும் 4,000 ரூபா குறைகிறது. வருகிற டிசம்பர் விடுமுறைக்குள் அதைத் தைத்து முடித்துவிடுவேன், இன்ஷா அல்லாஹ்.