தெஹியோவிட்டைச் சாரலில் வாடகையில்லா வீடு

கடல் கடந்து குடிபோகும் தமிழ்க் குடும்பத்தினர் இலண்டனிலிருந்தோ தொரன்றோவிலிருந்தோ அனுப்பும் முதற்செய்தி இந்நாளிற் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கக் காண்கின்றோம். தளபாடங்களுடன் கூடிய மாடிவீடு ஒன்று கிடைத்துவிட்டது என்பதே அது. கட்டில், மெத்தை, மேசை, நாற்காலி முதற்கொண்டு கோப்பை, கரண்டி ஈறாக யாவும் அங்கே ஆயத்தமாய் உள. வீட்டுக்காரர் அவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பட்டியல் எழுதிக் கையொப்பமும் பெற்றுக்கொள்கிறார். ஆனால் அம்மிக்கு அங்கே இடமில்லை. சுவாமி படம் மாட்டுதற்கு ஓர் ஆணி அடிப்பதாயினும் அவருடைய இசைவு வேண்டும். இரண்டு திங்கள் சென்றதும் அந்த அந்நிய வீட்டிலே தாளிதத்தின் மணம் எழத் தொடங்கும். "வீடு பழகிவிட்டது" என்று மறுசெய்தி வரும்.

பிறர் கட்டி வைத்த வீட்டிற் புகுந்து அதனை நம் வீடாகப் பழக்கும் இக்கலை நம்மவர்க்கு நேற்று வந்ததன்று. அதன் பழைய வரலாற்றைக் காண விரும்புவோர் விமானம் ஏற வேண்டுவதுமில்லை. கொழும்பிலிருந்து அவிசாவளைக்குச் சென்று, அங்கிருந்து ஹற்றன் நெடுஞ்சாலையிற் சிறிது தூரம் போனாற் போதும். சப்பிரகமுவ மாகாணத்துக் கேகாலை மாவட்டத்தைச் சேர்ந்த தெஹியோவிட்ட என்னும் சிற்றூர் எதிர்ப்படும்.

மழையும் இறப்பரும்

தெஹியோவிட்ட மழையின் ஊர். ஆண்டொன்றுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை பொழியும் ஈரவலயத்தில் அது அமைந்துள்ளது. கடைவீதியைக் கடந்து தெரணியகலைப் பாதையிற் திரும்பினால் இருமருங்கும் இறப்பர் மரங்கள் வரிசை வரிசையாக நிற்கும். மரந்தோறும் சாய்வாக வெட்டிய ஒரு வடு. வடுவின் கீழே பால் ஏந்தும் ஒரு சிரட்டை. விடியற்காலைக் குளிர்ச்சியிலேதான் பால் நன்கு வடியும். ஆகையால் பால்வெட்டுவோர் கதிரவனுக்கு முன் எழுகின்றனர். மழை பெய்து மரப்பட்டை நனைந்துவிட்டால் வெட்டு இல்லை. ஊருக்கு வளத்தைத் தரும் அதே மழை பால்வெட்டும் குடும்பத்தின் அன்றைய கூலியைக் கரைத்துக்கொண்டு போய்விடும்.

இம்மரம் இவ்விடத்துக்கு உரியதன்று. தென்னமெரிக்காவிலிருந்து இலண்டனுக்குப் போய், அங்குள்ள கியூ பூங்காவில் முளைத்த கன்றுகள் 1876ஆம் ஆண்டிலே இலங்கைக்கு வந்து ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. கோப்பிப் பயிர் இலைநோயால் அழிந்த பின்னர்த் தேயிலையும் இறப்பரும் களனிப் பள்ளத்தாக்கில் ஏறின. 1903ஆம் ஆண்டில் அவிசாவளையைக் கடந்து யட்டியாந்தோட்டை வரை ஒடுங்கிய இருப்புப்பாதை ஒன்றும் வந்தது. அவிசாவளைக்கு அப்பாலுள்ள அப்பகுதி இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே கழற்றப்பட்டுவிட்டது. பாதை போயிற்று, மரம் நிலைத்தது, மரத்தை நம்பி அழைத்து வரப்பட்ட மனிதரும் நிலைத்தனர்.

இரு வகை விருந்தினர்

ஒரு தோட்டத்துக்கு அந்நிய நாட்டிலிருந்து வந்து குடியேறினோர் அக்காலத்தில் இரு வகையினர். இரு வகையினர்க்கும் தோட்டமே வீடு கொடுத்தது. வாடகை எவரிடமும் கேட்கவில்லை.

முதல்வகையினர் இங்கிலாந்திலிருந்தும் ஸ்கொட்லாந்திலிருந்தும் வந்த துரைமார். அவர்களுக்குக் காற்றோட்டமான மேட்டிலே பங்களா காத்திருந்தது. கட்டிலும் அலமாரியும் சாய்வு நாற்காலியும் உள்ளே இருந்தன. சமையலுக்கு ஓர் அப்பு, காவலுக்கு ஒருவர், தோட்டவேலைக்கு ஒருவர் என்று ஆட்களும் ஆயத்தமாக நின்றனர். துரை தம் பெட்டியைத் திறந்து உடுப்பைத் தொங்கவிட வேண்டியதுதான் பாக்கி.

மற்றவகையினர் திருச்சி, சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய சீமைகளிலிருந்து கங்காணிமார் அழைத்து வந்த நம்மவர். சிலர் தூத்துக்குடியிற் கப்பலேறிக் கொழும்பில் இறங்கினர். 1914ஆம் ஆண்டு முதலாகப் பலர் மண்டபம் முகாமிலே தங்கி, தனுஷ்கோடி வழியே தலைமன்னாரை அடைந்தனர். அவர்களுக்குங் காத்திருந்தது ஓர் ஆயத்த வீடு. அதன் பெயர் லயன். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான அறைகள், ஒன்றன் முதுகில் ஒன்று ஒட்டியவாறு இரு வரிசையாக நீண்டு கிடக்கும்; மேலே தகரக் கூரை. குடும்பத்துக்கு ஓர் அறை. அதன் முன்னே ஒடுங்கிய ஒரு திண்ணை. பின்சுவர் அடுத்த வரிசைக் குடும்பத்துக்கும் பொதுவாதலால் காற்று ஒரு புறமாகவே வந்து, அப்புறமாகவே திரும்ப வேண்டும். அடுப்புப் புகைக்கும் அதுவே வழி.

இந்த வீட்டின் பெயர்களை ஆராய்ந்தால் மாணவர்க்கு ஒரு சுவையான பாடம் கிடைக்கும். லயன் என்பது வரிசையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். அறையைக் காம்பரா என்பர். அது போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. திண்ணையை இஸ்தோப்பு என்பர். அது ஒல்லாந்தர் கொடை. இலங்கையை ஆண்ட மூன்று ஐரோப்பிய இனத்தாரும் அந்தப் பன்னிரண்டடிக்குள் வந்து குடியிருக்கின்றனர்! வீட்டுக்குள் இருந்த தமிழருக்கோ அதில் ஒரு செங்கல்லும் உரிமையில்லை.

தளபாடங்கள் எவை என்று கேட்கலாம். கட்டிலுமில்லை, மேசையுமில்லை. குளிருக்கும் மழைக்கும் ஒரு கம்பளி கிடைத்தது. ஆனால் அது நன்கொடையன்று; வழிச்செலவோடும் அரிசியோடும் சேர்த்துத் தொழிலாளியின் பெயரிற் கடனாக எழுதப்பட்டது. அக்கடனைக் குறிக்கும் சீட்டுக்குத் துண்டு என்று பெயர். கடனைத் தீர்த்துத் துண்டைப் பெறாமல் ஒருவர் வேறொரு தோட்டத்துக்குப் பெயர்தல் அரிது. துண்டு முறையைச் சட்டம் ஒழித்தது 1921ஆம் ஆண்டில். இக்காலத்து மாடிவீட்டுக்காரர் கரண்டிகளை எண்ணிக் கையொப்பம் வாங்குகிறார். அக்காலத்திலே கடனேட்டில் எழுதப்பட்டது குடியிருப்போரின் உழைப்பே.

வீடு பழகிய கதை

ஆயினும் வெற்று அறையை நம் மக்கள் வெறுமையாக விட்டுவிடவில்லை. அண்மையில் ஒரு விடுமுறையின்போது மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு தெஹியோவிட்டையை அடுத்த ஒரு தோட்டத்துக்குச் சென்றிருந்தோம். பாதையேறும்போதே மழை பிடித்துக்கொண்டது. லயனொன்றின் முன்னே நின்ற, எழுபது கடந்த மூதாட்டி ஒருவர் எங்களைக் கண்டு, "வாங்க மாஸ்டர், பிள்ளைங்கள இஸ்தோப்புல ஒக்காரச் சொல்லுங்க. இந்த மழை இப்ப விடாது" என்று அழைத்தார்.

தகரத்தின் மீது விழும் மழையோசையில் உரக்கப் பேசினாலன்றி ஒருவர் சொல் மற்றவர்க்குக் கேளாது. இஸ்தோப்பு சாணமிட்டு மெழுகித் துப்புரவாயிருந்தது. அதன் ஒரு பாதியைப் பலகையால் மறைத்து அடுக்களையாக்கியிருந்தனர். உள்ளே பழஞ்சேலை ஒன்றே தடுப்பு. அதற்கு அப்பால் மகனும் மருமகளும், இப்பால் மூதாட்டியும் பேரப்பிள்ளைகளும். தாமே ஆணியடித்த சுவரிலே மாரியம்மன் படம். அதன் பக்கத்தில் பேத்தி பாடசாலையிற் பெற்ற சான்றிதழ் ஒன்று சட்டமிட்டுத் தொங்கியது. வாசலில் பசளிக்கீரையும் மிளகாயும் தளிர்த்திருந்தன. தேநீர் வந்தது. குடத்திலிருந்த பீலித் தண்ணீரை மாணவர்கள் விரும்பி வாங்கிப் பருகினர். "பழகிய வீடு" என்பதற்கு இதனிலும் சான்று வேண்டுமோ?

மாணவருள் ஒருவன், "பாட்டி, இது உங்கள் சொந்த வீடுதானே?" என்று கேட்டான்.

"எங்க அம்மா பொறந்ததும் இந்தக் காம்பராவிலதான், நான் பொறந்ததும் இதிலதான். இருக்கிறது நாங்க, கண்ணு, வீடு தோட்டத்துது" என்றார் அவர்.

படமொன்று எடுத்து அனுப்புவதாகச் சொல்லி முகவரி கேட்டான் மாணவன். அவர் தோட்டத்தின் பெயரைச் சொன்னார், பிரிவைச் சொன்னார், லயனுக்கு ஓர் எண் உண்டென்றும் சொன்னார். "ஆனா கடுதாசி ஆபிசுக்குத்தான் வரும். யாராச்சும் அந்தப் பக்கம் போனா எடுத்துக்கிட்டு வருவாங்க" என்று முடித்தார். பிள்ளையின் பரீட்சை முடிவும், வேலைக்கு வந்த அழைப்பும் அவ்வாறே யாரேனும் ஒருவர் அந்தப் பக்கம் போகும் நாளுக்காகக் காத்துக் கிடக்கும்.

மழை சற்று ஓய்ந்தது. "இத்தனை மழை பெய்யும் மண்ணில் வாசலுக்கு ஒரு தென்னை வைத்திருக்கலாமே" என்றோம் நாம். அவர் நகைத்து, "தென்னம்பிள்ளை வச்சா அது காய்க்கிறப்ப நாங்க இங்கன இருப்பமோ என்னவோன்னு எங்க பாட்டி சொல்லும் மாஸ்டர்" என்றார். தென்னை காய்க்க ஆறேழு ஆண்டுகள் செல்லும். அந்தப் பாட்டி அன்றைக்கே நட்டிருந்தால் மூன்று தலைமுறை அதன் இளநீரைப் பருகியிருக்கும். ஆனால் அவ்வறையிலே மூன்று தலைமுறையும் "நாளைக்கு இருப்போமோ" என்ற ஐயத்தோடேயே வாழ்ந்துவிட்டன.

ஐயத்தின் காரணம்

அந்த ஐயம் வீண் ஐயமன்று. வேலை உள்ளவரையே வீடு என்பது தோட்டத்தின் வழக்கு. குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்திற் பெயர் பதிந்திருத்தல் வேண்டும். பெயர் விழுந்தால் கூரையும் ஐயத்துக்கு இடமாகும். இதனோடு நாடும் ஐயத்துக்கு இடமாயிற்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்திடப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974ஆம் ஆண்டிலே சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. நாடற்றோர் என்ற நிலைக்கு முடிவு காணும் சட்டம் நிறைவேறியது 2003ஆம் ஆண்டிலேதான்.

இந்தியா சென்றோரின் கதையும் இதனோடு ஒட்டியதே. நீலகிரியிலே தமிழ்நாட்டு அரசின் தேயிலைத் தோட்டங்களிலும், கேரளத்தில் புனலூரை அடுத்தும், கருநாடகத்துச் சுள்ளியாப் பகுதியிலும் அமைந்த இறப்பர்த் தோட்டங்களிலும் பலர் குடியமர்த்தப்பட்டனர். தாயகம் என்று சொல்லப்பட்ட நாட்டிலே அவர்களை மீண்டும் வரவேற்றது ஒரு தோட்டம். மீண்டும் வரிசையாகக் கட்டிய ஆயத்த வீடு. பிறந்த மண்ணின் பெயரால் அவர்களை அங்கே "சிலோன்காரர்" என்று அழைத்தனர். இங்கே இந்தியர், அங்கே சிலோன்காரர். இரண்டிடத்தும் வீடு வேலைக்கு உரியது!

குடியிருக்கும் இடத்தைத் தாமே தேர்ந்துகொள்ள இயலாமைக்கு உயிரும் விலையாவதுண்டு. 2016ஆம் ஆண்டு மே 17ஆம் நாள், இதே கேகாலை மாவட்டத்திலே, புளத்கொஹுபிட்டியவிலுள்ள களுப்பான தோட்டத்து லயன் அறைகள்மீது மலை சரிந்தது. உள்ளே இருந்தோர் பலர் மண்ணுக்குள் மறைந்தனர். அந்தச் சரிவின் கீழே வீடு கட்ட வேண்டுமென்று அவர்கள் முடிவு செய்தவரல்லர்.

காணியும் கன்றும்

2015ஐ அடுத்த ஆண்டுகளில் ஒரு மாற்றம் தலைகாட்டியது. தோட்டத் தொழிலாளர்க்குக் குடும்பமொன்றுக்கு 7 பேர்ச் காணியில் தனிவீடு என்னும் கொள்கை ஏற்கப்பட்டது. இந்திய அரசின் உதவியோடும் வீடுகள் எழுந்தன. 7 பேர்ச் என்பது ஏறக்குறைய 1,900 சதுர அடி. லயன் காம்பராவோ 120 சதுர அடி. எனினும் அவ்வீடுகளைப் பெற்றோர் சிலர். பெறாதோரே மிகப் பலர். பெற்றோருள்ளும், உறுதிப்பத்திரம் கைக்கு வந்ததா என்பதே முதற்கேள்வியாக இருக்கிறது. சுவர் புதிதாயினும் பத்திரம் இல்லையேல் அது இன்னுமோர் ஆயத்த வீடுதான்.

பிறநாடு செல்லும் நம் பிள்ளைகள் வாடகை உடன்படிக்கையை வரிவரியாக வாசித்துப் பார்த்தே கையொப்பமிடுகின்றனர். எத்தனை மாத முன்னறிவித்தலோடு வெளியேற்றலாம், முற்பணம் திரும்புமா என்றெல்லாம் கேட்கின்றனர். நன்று; அவர்கள் கேட்கத்தான் வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தேயிலையும் இறப்பரும் கொடுத்து இத்தீவின் செல்வத்தைப் பெருக்கிய மக்கள் கேட்பதும் அதே கேள்விதான். மெத்தையும் மேசையும் அவர்கள் கேட்கவில்லை. தம் பெயருக்குக் கடிதம் நேரே வரக்கூடிய ஒரு வாசலையும், நட்ட மரம் காய்க்கும்வரை எவரும் எழுப்பாத உறுதியையுமே கேட்கின்றனர்.

அன்று மாலை பஸ்ஸுக்கு இறங்கி வரும்போது, பாதையோரத்திலே புதிதாக எழுந்த தனிவீடுகள் சிலவற்றைக் கண்டோம். சுவருக்கு இன்னும் வர்ணம் பூசவில்லை, சன்னலுக்குத் திரையுமில்லை. ஆனால் வேலியருகே முழங்காலளவு உயரத்தில் ஒரு தென்னங்கன்று நின்றது. மாடு கடிக்காதபடி அதைச் சுற்றிக் குச்சிகள் நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள்.