பாயைப் போர்த்திய மான்

மின்விளையாட்டுக் கருவிகளின்பால் நமக்கு நல்லெண்ணம் இருந்ததில்லை. பாங்கொலி கேட்ட பின்னரும் நிமிராத தலைகளைக் கண்டு கண்டு மனம் கசந்திருந்தோம். ஆகவே, 2014ஆம் ஆண்டுக் கோடை விடுமுறைக்கு வந்த நம் மகள்வழிப் பேரன், தோஹாவில் பணிபுரியும் அவன் வாப்பா வாங்கியனுப்பிய பிளேஸ்டேஷன் வீட்டா என்னும் கையடக்கக் கருவியையும் கொண்டுவந்தபோது, அதை நாம் விரும்பி வரவேற்கவில்லை. ஐந்து அங்குலத் திரை; முன்னும் பின்னும் ஒவ்வொரு கேமரா; முதுகுப்புறத்தில் விரல் பட்டால் உணரும் ஒரு பரப்பு. மூன்றாம் நாள் மஃரிபு தொழுகைக்கு அவன் எழுந்து வராததால் அதைப் பறித்து அலமாரியில் வைத்துப் பூட்டினோம். "பாழாய்ப்போன பெட்டி" என்று சொன்னபோது நம் குரல் சற்று உயர்ந்துவிட்டது. ஒன்பது வயதுப் பிள்ளை அழவில்லை, வாதாடவில்லை. இரண்டு நாள்கள் நம்மோடு பேசாதிருந்தான். அழுதிருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும்.

இரண்டாம் நாள் இரவு உறக்கம் பிடிக்கவில்லை. பிள்ளையிடமிருந்து பறித்தது இன்னதென்றாவது அறிவோம் எனக் கருவியை வெளியே எடுத்து, விளக்கடியில் அமர்ந்து, கைக்கு எட்டிய பொத்தானை அழுத்தினோம். திரையில் காகிதத்தால் ஆன ஓர் உலகம் விரிந்தது. மலை காகிதம், மரம் காகிதம், ஓடுகின்ற நீரும் காகிதக் கீற்றுகளே. வானத்துச் சூரியனின் நடுவே ஒரு துளை. அந்தத் துளையில் மூக்குக் கண்ணாடியும் தாடியுமாக நம் முகமே நம்மை எட்டிப் பார்த்தது! 'அஸ்தஃபிருல்லாஹ்' என்று கருவியைக் கீழே வைத்துவிட்டோம்.

காலையில் பேரனை அழைத்து, "இது என்ன வாப்பா, சூரியனுக்குள்ளே நம்ம முகம்?" என்று வினவினோம். மௌனம் கலைந்தது. "யார் விளையாடுறாங்களோ அவங்க முகம் தெரியும் நன்னா. கடுதாசி அவங்களுக்குத்தானே வருது" என்றான்.

விளையாட்டின் பெயர் 'டேர்அவே'. கிழித்தெடுப்பதையும் அடங்காத துடுக்குப் பிள்ளையையும் ஒருங்கே குறிக்கும் ஆங்கிலச் சொல் அது. இங்கிலாந்தில் கில்ட்ஃபோர்டு நகரில் 2006இல் தொடங்கப்பெற்ற மீடியா மாலிக்யூல் நிறுவனத்தார், ரெக்ஸ் குரோல் என்பவரின் தலைமையில் அதனை உருவாக்கி, 2013 நவம்பரில் வெளியிட்டனர். 2014இல் பிரித்தானியத் திரைப்படக் கழகமான பாஃப்டா அதற்கு மூன்று விருதுகளை அளித்தது. அவற்றுள் ஒன்று குடும்பத்தாருக்கான விளையாட்டு என்னும் பிரிவில் கிடைத்தது. தளத்துக்குத் தளம் தாவிச் செல்லும் வகையைச் சேர்ந்தது என்றாலும், தொடக்கத்தில் அதன் நாயகனுக்குத் தாவவே தெரியாது. போகப் போகத்தான் கற்றுக்கொள்கிறான். அவன் தலையே ஓர் அஞ்சல் உறை. உள்ளே ஒரு கடிதம் இருக்கிறது. அதனை விளையாடுபவரிடம் சேர்ப்பதே அவன் பயணம். வழியில் இடர் செய்யும் பகைவர்களைச் செய்தித்தாள் துண்டுகளாகப் படைத்திருக்கிறார்கள். நாள்தோறும் பத்திரிகை படித்தே பொழுது விடிகின்ற நமக்கு அதில் சிறிது மனத்தாங்கல்தான்.

கருவியின் பின்புறத்தை விரலால் அழுத்தினால், திரைக்குள் காகிதத் தரையைக் கிழித்துக்கொண்டு ஒரு விரல் மேலெழும். பேரன் செய்து காட்டியபோது நாமும் ஒருமுறை அழுத்திப் பார்த்தோம். ஒருமுறையோடு நிற்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். அணில் அரசனுக்கு மகுடம் வேண்டுமெனில், விரலால் தாளில் வரைந்து, வெட்டி எடுத்துச் சூட்ட வேண்டும். தன் நிறத்தை இழந்து வாடி நிற்கும் பெருங்கொம்பு மான் ஒன்றுக்கு, நம் வீட்டுப் பொருள் எதையேனும் கேமராவில் படம் பிடித்துக் கொடுத்தால் அதுவே அதன் தோலாகிவிடும். பேரன் கருவியைத் திருப்பி, நாம் அமர்ந்திருந்த பத்தமடைப் பாயைப் படம் பிடித்தான். மறுநொடி அந்த இங்கிலாந்து மான் நம் கோரைப்பாயின் சிவப்புக் கரையை முதுகில் போர்த்துக்கொண்டு காட்டில் உலாவிற்று. தாமிரபரணிக் கரைக் கோரையைக் கீறி, ஊற வைத்து, சாயமேற்றி நெய்கின்ற நம் சமுதாயப் பெண்மக்களின் கைவேலை எங்கெல்லாம் சென்று சேர்கிறது என்று வியந்தோம்.

அவ்வுலகில் சில பொருள்கள் நிறமின்றி வெளுத்து நிற்கும். அவற்றைக் கதைக்குள்ளிருக்கும் கேமராவால் படம் பிடித்தால் நிறம் திரும்புவதோடு, அதே பொருளை உண்மைக் காகிதத்தில் மடித்துச் செய்வதற்கான வரைபடமும் பிள்ளையின் கணக்கில் சேரும். இதுதான் நம்மை மாற்றியது. திரையைவிட்டு எழுந்து கத்தரிக்கோலையும் பசையையும் தேடி ஓடச் செய்கின்ற விளையாட்டை நாம் அதற்குமுன் கண்டதில்லை. பெரிய ஆட்டமும் அன்று. சில நாள்களில் முடித்துவிட்டான். குறையென்றால் அதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஆட்டம் முடிந்த பிறகும் காகித வேலை முடியவில்லை. கடைத்தெருவில் அச்சிட்டு வந்த வரைபடங்கள் தீர்ந்ததும், வரைபடம் இல்லாமலே மான் செய்யப் புறப்பட்டான். அதற்கு அவன் எடுத்தது பரணிலிருந்த பழைய நிக்காஹ் அழைப்பிதழ்க் கட்டு. "அடே, பிஸ்மில்லாஹ் இருக்கே!" என்று அவன் நன்னிமா பதறிப்போய், அத்தனை அட்டைகளிலும் அந்தப் பகுதியை மட்டும் தாமே வெட்டி எடுத்துப் பத்திரப்படுத்திய பின்னரே மிச்சத்தைக் கொடுத்தார்கள். உருவம் என்பதால் தொழுகை அறைக்குள் வரக்கூடாது என்ற நிபந்தனையும் உடன் வந்தது.

ஒருநாள் பிற்பகல், "கடுதாசி எப்படி அனுப்புறது நன்னா?" என்று கேட்டான். நம் வாப்பா பினாங்கிலிருந்து எழுதிய கடிதங்கள் நம் பெட்டியில் இன்றும் உள்ளன. அவை வரும் நாளெல்லாம் நமக்குப் பெருநாள்தான். இவனோ தன் வாப்பாவின் முகத்தை அன்றாடம் கைப்பேசியில் காண்பவன். ஒரு கடிதம் பெற்றதுமில்லை, எழுதியதுமில்லை. மானைத் தட்டையாக மடித்து, நான்கு வரி எழுதி, உறையிலிட்டு, அஞ்சலகத்துக்கு நம்மோடு நடந்து வந்தான். என்ன எழுதினான் என்று நாம் கேட்கவில்லை. அதை ஒட்டுவதற்கு முன், அலமாரியைப் பூட்டிய அன்று பேசிய பேச்சுக்காக அவனிடம் வருத்தம் தெரிவித்தோம். "அது அப்பவே போயிட்டுது நன்னா" என்றான்.

அந்தக் கருவியின் உற்பத்தி 2019இல் நின்றுவிட்டது. பேரனுடையது அதற்கு முன்னரே மின்கலம் உப்பி, ஒளி மங்கி, இழுப்பறைக்குப் போயிற்று. 2021இல் மருமகன் பணியை முடித்து ஊர் திரும்பியபோது, பெட்டியில் துணிகளுக்கு நடுவே, ஓர் அட்டைப் பெட்டிக்குள் அந்த மான் இருந்தது. மடிப்புகள் விரித்து நிற்க வைத்திருந்தார். ஒரு கொம்பு முறிந்திருந்தது. மேல்நிலைப் பள்ளி மாணவனாகிவிட்ட பேரன், அன்றிரவே அதை ஒட்டவைத்தான். இப்போது நம் எழுதுமேசைக்கு மேலுள்ள பலகையில் நிற்கிறது. தொழுகை அறைப் பக்கம் நகர்த்தக்கூடாது என்னும் ஆணை இன்றும் அமலில் உள்ளது.