பதிவேட்டில் இருந்த பெயர்

திண்டுக்கல்லில் பூட்டு மொத்த வியாபாரம் செய்துவந்த பெரியவர் ஒருவர் 1984-ஆம் ஆண்டில் அம்பாசிடர் கார் வாங்கினார். ‘மார்க் 4’ வகை, வெள்ளை நிறம். முன்னிருக்கையும் பின்னிருக்கையைப் போலவே ஒரே நீளமாக அமைந்து, ஸ்டியரிங்கை ஒட்டியே கியர் பொருத்தப்பட்ட வண்டி. திண்டுக்கல் அன்று தனி மாவட்டமாகவில்லை. மதுரை மாவட்டத்திலிருந்து அது பிரிந்தது 1985 செப்டம்பர் 15 அன்றுதான். எங்கள் மாவட்டத்தைவிட எங்கள் வண்டிக்கு ஒரு வயது கூடுதல் என்று பெரியவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

மாதக் கார்த்திகை தோறும் அந்த வண்டி பழனிக்குப் புறப்படும். ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம் வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர். பெரியவரும் அவருடைய மனைவியும், இரண்டு மகன்களும் ஒரு மகளும், பெரும்பாலும் உறவினர் யாரேனும் இருவருமாக ஏழு பேர் அதில் அடங்கிவிடுவார்கள். குழந்தைகள் படியேறப் பழகியதும், பின்பு அவர்களின் குழந்தைகள் பழகியதும் பழனி மலையின் 693 படிகளில்தான். பெரியவருக்கு முழங்கால் வலி வந்தபோது, 2004-ல் தொடங்கப்பட்ட ரோப் கார் கைகொடுத்தது. அடிவாரம் வரை கொண்டுசேர்க்கும் வேலையை மட்டும் அம்பாசிடர் விட்டுக்கொடுக்கவில்லை. தேய்பிறை அஷ்டமிக்குத் தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் உள்ள சொர்ண ஆகர்ஷண பைரவரைத் தரிசிக்கச் செல்வதும் அதில்தான். கடை கடனில் இருந்த ஆண்டுகளில் அந்தப் பயணம் தவறியதே இல்லை.

வண்டியைப் பெரியவர் பேணிய விதத்தைச் சொல்லியாக வேண்டும். எண்ணெய் மாற்றிய நாள், டயர் மாற்றிய நாள், அப்போது ஓடியிருந்த கிலோமீட்டர் ஆகியவற்றைக் கணக்கு நோட்டில் தேதியிட்டு எழுதிவைத்தார். ஆயுத பூஜையன்று கடையின் தராசுக்கும் கல்லாப்பெட்டிக்கும் இடும் சந்தனமும் குங்குமமும் வண்டிக்கும் உண்டு. அதை இடுபவர் அம்மா. ஒருமுறை டிக்கியின் பூட்டு உடைந்துபோனது. வேறு பூட்டு வாங்கி மாட்டச் சொன்ன மெக்கானிக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தம் கடையிலிருந்த மாங்காய்ப் பூட்டு ஒன்றைத் தொங்கவிடும்படி கொக்கியும் நாதாங்கியும் வைத்துக்கொண்டார். அழகாக இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் திண்டுக்கல்காரரின் வண்டி என்பது பின்னால் வருபவர் அனைவருக்கும் தெரிந்தது.

2022-ல் பெரியவர் காலமானார். மூத்த மகன் கடையைப் பார்க்கிறார், இளையவர் பெங்களூருவில், மகள் கோயம்புத்தூரில். வண்டி வீட்டு முன்கூடத்தில் நின்றது. வாரம் ஒருமுறை மூத்தவர் அதைக் கிளப்பி, தெருக்கோடி வரை ஓட்டி, திரும்பக் கொண்டுவந்து நிறுத்துவார். 2024-ல் பதிவைப் புதுப்பிக்க வேண்டிய கெடு நெருங்கியது. 15 ஆண்டு கடந்த கார்களுக்கு 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாயாகிவிட்டது. அதோடு எஃப்.சி. பார்ப்பதற்கான செலவு வேறு. விற்றுவிடலாம் என்று மகன்கள் முடிவுசெய்தார்கள். கூடாது என்று மகள் தொலைபேசியில் அழுதார்.

மகளின் அழுகை தந்தைக்கானது; ஆனால் அந்த வண்டியின் இனத்துக்கும் ஓர் அழுகை பொருந்தும். மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவிலிருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை 1950-களின் பிற்பகுதி முதல் உற்பத்தி செய்துவந்த அம்பாசிடர், 2014 மே மாதத்தோடு நின்றுபோனது. பின்னர் 2017-ல் ‘அம்பாசிடர்’ என்ற பெயரை மட்டும் பிரான்சின் பெஜோ நிறுவனத்துக்கு 80 கோடி ரூபாய்க்கு விற்றார்கள். வண்டி இல்லாமல் வெறும் பெயருக்கு அத்தனை விலை!

தரகர் ஒருவர் வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார். என்ஜின் ஓசையைக் கேட்டுத் தலையசைத்தார். “அண்ணே, 2,10,000 ரூபாய் கையில் தந்துவிடுகிறேன். பேப்பரில் தேதி போடாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்கள். யார் வாங்குகிறார்களோ அவர்கள் பெயருக்கு மாற்றிக்கொள்வோம்” என்றார். ஆர்.சி. புத்தகம் இறந்தவர் பெயரில் அல்லவா இருக்கிறது என்று மூத்தவர் தயங்கியபோது, “பழைய கையெழுத்தைப் பார்த்து ஒன்று போட்டால் போகிறது, யார் கேட்கப் போகிறார்கள்?” என்றார். கால்மிதிக்குக் கீழே தரைத்தகடு துருப்பிடித்திருந்ததையும் அவர் கண்டுபிடித்துவிட்டார். பட்டி பூசிப் பெயின்ட் அடித்தால் தெரியாது என்று அதற்கும் வழி சொன்னார். இவை யாவும் அவர் கண்டுபிடித்த தந்திரங்கள் அல்ல. பல ஊர்களில் பழைய வண்டிகள் கைமாறும் முறையே இதுதான்.

உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்தார். அவருக்கு அப்போது 78 வயது.

“இந்த வண்டியை எவனோ ஓட்டி, யார் மேலாவது மோதிவிட்டால் யாரைத் தேடி வருவார்கள் தம்பி?” என்று தரகரைக் கேட்டார்.

“ஓட்டினவனைத்தான் அம்மா.”

“பேப்பரில் இருப்பது இவர்கள் அப்பா பெயர். ஆடி அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் விட்டுச் சொல்கிற பெயர் அது. அதைப் போலீஸ் ஸ்டேஷனில் வைத்து எவனும் கூப்பிடக் கூடாது.”

தரகர் பதில் சொல்லாமல் காபியைக் குடித்துவிட்டுப் போனார். மூத்தவருக்கு எரிச்சல்தான். அதிலும் நியாயம் இருந்தது. கடையில் வியாபாரம் மந்தமாக இருந்த காலம் அது.

ஆனால் அம்மா சொன்னது வெறும் மனக்கலக்கம் அன்று, சட்டமும் அதுவே. மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர். அடுத்தடுத்துப் பலர் கைக்கு மாறிய ஒரு கார் விபத்துக்குள்ளான வழக்கில், பெயர் மாற்றம் செய்யப்படாததால் இழப்பீட்டுப் பொறுப்பு பதிவேட்டில் இருந்த பழைய உரிமையாளரையே சேரும் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்தது. அவர் அந்தக் காரை விற்று நெடுநாளாகியிருந்தது. பணம் கைக்கு வந்தால் விற்பனை முடிந்தது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உரிமையாளர் இறந்த நிலையில் பொறுப்பு வாரிசுகளைத் தேடி வரும். அவருடைய பெயர் வழக்கு ஆவணங்களில் ஏறும்.

நேர்வழி நீளமாக இருந்தது. வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் பெற வேண்டும். இறப்புச் சான்றிதழுடன் படிவம் 31 கொடுத்து வண்டியை முதலில் வாரிசு ஒருவர் பெயருக்கு மாற்ற வேண்டும். அதன் பிறகே படிவம் 29, 30 மூலம் வாங்குபவர் பெயருக்கு மாற்ற முடியும். 1984-ல் வாங்கிய கடனுக்காக ஆர்.சி.யில் வங்கியின் அடமானக் குறிப்பு ஏறியிருந்தது. கடன் எப்போதோ தீர்ந்திருந்தும் அந்தக் குறிப்பு அப்படியே கிடந்தது. தீர்ந்த கடனுக்கு வங்கியிலிருந்து தடையில்லாச் சான்று பெற்று அதை நீக்குவதற்கே மூன்று வாரம் ஆயிற்று. பெரியவரின் கணக்கு நோட்டுகளுக்கிடையே கடைசித் தவணை கட்டிய ரசீது பத்திரமாக இருந்ததால்தான் அந்த மட்டிலும் முடிந்தது.

மற்ற வாரிசுகள் மறுப்பில்லை என்று எழுதிக்கொடுக்க வேண்டும். மகள் எழுதிக்கொடுக்க மறுப்பார் என்றே மூத்தவர் எண்ணினார். வண்டி முதலில் அம்மா பெயருக்குத்தான் மாறப்போகிறது என்று அறிந்ததும், மறுநாளே கோயம்புத்தூரிலிருந்து வந்து கையெழுத்திட்டார். ஸ்டியரிங்கைத் தொட்டறியாத அம்மா இரண்டு மாதங்களுக்குச் சற்று அதிகமாக ஓர் அம்பாசிடர் காரின் உரிமையாளராக இருந்தார். காப்பீடும் அவர் பெயருக்கு மாறியது. பதிவும் 5,000 ரூபாய் செலுத்திப் புதுப்பிக்கப்பட்டது. அந்த இரண்டு மாதமும், வரும் கார்த்திகைக்கு என் வண்டியில் போவோமா என்று பேரப்பிள்ளைகளை அவர் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

வாங்க வந்தவர் வேடசந்தூர்ப் பக்கத்து இளைஞர். அம்பாசிடரை வாடகைக்கு ஓட்டிப் பிள்ளைகளை வளர்த்தவரின் மகன். அவர் என்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மாவே மெதுவாகக் குனிந்து, பின்னிருக்கைக்கு முன்னிருந்த கால்மிதியைத் தூக்கிக் காட்டினார். “இதைப் பாருங்கள் தம்பி. துரு. மழைத் தண்ணீர் கதவு வழியாக இறங்குகிறது. நாலு வருஷமாக இப்படித்தான்.” மூத்தவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். இளைஞர் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தார்; தகடு மாற்றும் டிங்கரிங் வேலைக்கான செலவை மெக்கானிக்கிடம் தொலைபேசியில் கேட்டார்; பிறகு 1,75,000 ரூபாய் என்றார். தரகர் சொன்னதைவிட 35,000 ரூபாய் குறைவு. அம்மா மூத்தவரைப் பார்த்தார். சற்று நேரம் யாரும் பேசவில்லை. “சரி” என்றார் மூத்தவர். அந்த 35,000 ரூபாய் அவருக்கு இன்றும் உறுத்துகிறது என்று வீட்டார் சொல்கிறார்கள். உறுத்தாதிருந்தால்தான் வியப்பு.

வண்டி புறப்பட்ட நாளில் வாங்கிய அன்று செய்ததையே செய்தார்கள். நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். முன்கண்ணாடிக்கு மேலே மல்லிகைச் சரம் கட்டினார்கள். மாங்காய்ப் பூட்டைக் கழற்றி வைத்துக்கொள்ளும்படி மகள் சொன்னார். பூட்டு இல்லாவிட்டால் டிக்கி திறந்துகொள்ளும் என்று அம்மா தடுத்துவிட்டார். இரண்டு சாவிகளையும், கணக்கு நோட்டுகளில் வண்டிக்குரியதை மட்டும் பிரித்தும், இளைஞரிடம் கொடுத்தார்கள். முதல் பயணம் பழனிக்குத்தான் என்று அவராகவே சொன்னார்.

அன்று முதல் மூத்தவர் நாள்தோறும் தம் கைப்பேசியில் பதிவெண்ணை இட்டுப் பார்த்துவந்தார். பதினெட்டாம் நாள் உரிமையாளர் பெயர் மாறியிருந்தது. கைப்பேசியை அம்மாவிடம் நீட்டினார். கண்ணாடி இல்லாமல் தெரியவில்லை, படித்துச் சொல் என்றார் அம்மா. மூத்தவர் அந்த இளைஞரின் பெயரையும் அவர் தந்தையின் பெயரையும் ஊரையும் உரக்கப் படித்தார்.

“இன்ஷூரன்ஸிலும் மாறிவிட்டதா?” என்று கேட்டார் அம்மா.

அதற்கென வாங்கியவருக்கு உள்ள கெடு 14 நாட்கள். மூத்தவர் வேடசந்தூருக்குத் தொலைபேசி செய்தார்.