வயலில் எழும்பிய ஊர்

பிள்ளைகள் சின்னனாக இருந்த காலத்தில் ஆகஸ்ட் முதல் வாரஇறுதிக்கு எங்களிடம் வேறு திட்டமே இருந்ததில்லை. வில்ட்ஷயரில், ஏவ்பரிக்குப் பக்கத்தில், ஒரு விவசாயி வாடகைக்கு விடும் புல்வெளியில் கூடாரம் அடிப்போம். அது பேகன்களின் முகாம். கிறிஸ்தவம் வருமுன் இந்த மண்ணில் இருந்த தெய்வங்களை மறுபடி கும்பிடப் புறப்பட்டவர்கள். என் கணவரோடு வேலை செய்த ஒருவர், தானும் அவர்களில் ஒருவர், ஒரு ட்ரூயிட், என்று கூச்சத்தோடு சொல்லி, குடும்பமாக வரச்சொல்லிக் கூப்பிட்டதில் தொடங்கியது. சைவக் குடும்பத்துக்கு அங்கே என்ன வேலை என்று லண்டனில் சொந்தக்காரர் கேட்டார்கள். கூடாரம் அடிக்கிற வேலைதான், வேறென்ன.

வெள்ளி பின்னேரம் வெறும் புல்லாகக் கிடந்த இடத்தில் சனி விடியமுன் ஓர் ஊர் எழும்பிவிடும். கூடாரங்கள் வட்டம் வட்டமாக நிற்கும். வட்டத்துக்கு ஒரு நெருப்பு, சமையல் பொது. நீளமான மேலங்கியும் சேறு ஒட்டிய கம்பூட்ஸுமாக ஒருவர் உருளைக்கிழங்கு சீவுவார். அவர் வார நாட்களில் கணக்காளர். கழிவறை என்பது நாலு பலகையும் ஒரு வாளியும், போய் முடிய ஒரு கோப்பை மரத்தூள் போடவேண்டும். பிள்ளைகள் காலையில் மறைந்தால் இருட்டுப்படத்தான் திரும்புவார்கள். சாப்பிடக் கூப்பிட்டால் மூன்றாம் வட்டத்தில் சாப்பிட்டாயிற்று என்பார்கள். ஆருடைய பிள்ளை என்று விசாரிக்காமலே அங்கே தட்டை நீட்டுவார்கள்.

அம்மாவும் எங்களோடு வந்தா. வந்திறங்கியதும் அவ கண் போனது நெருப்பில்தான். "உந்த விறகு ஈரம் பிள்ளை, புகைதான் வரும்" என்றா. அன்றிரவு முழுக்கப் புகைதான் வந்தது. சனிக்கிழமைச் சடங்கில் கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என்று ஒவ்வொரு திசையாகப் பார்த்து அழைப்பார்கள். அம்மா நாலு பக்கமும் திரும்பித் திரும்பிக் கும்பிட்டா. திக்குப்பாலகருக்கு இங்கிலாந்தில் நாலு பேர் போதுமாக்கும் என்று என் காதுக்குள் சொன்னா. பிறகு புதுக் கோதுமையில் சுட்ட பாணைப் பிய்த்துச் சுற்றிவரக் கொடுத்தார்கள். ஆண்டின் முதல் அறுவடைக்கான லாமஸ் கொண்டாட்டம் அது. தைப்பூசத்துக்குப் புது நெல்லில் புதிர் எடுக்கிற மாதிரித்தான் என்று அவ ஒத்துக்கொண்டா. கறி இல்லாமல் புதிர் என்ன புதிர் என்பதுதான் அவவின் ஒரே குறை.

ஞாயிறு ஏவ்பரிக் கல்வட்டத்துக்கு நடப்போம். அந்த வட்டத்துக்குள்ளேயே வீடுகளும் ஒரு மதுச்சாலையும் இருக்கின்றன. கல்லைத் தொடலாம், சாய்ந்து இருக்கலாம். விழுந்தும் புதைந்தும் கிடந்த பல கற்களை 1930களில் நிமிர்த்தி வைத்தவர் அலெக்சாண்டர் கெய்லர், மார்மலேட் வியாபாரக் குடும்பத்துப் பணக்காரர். 1938இல் அப்படி ஒரு கல்லின் கீழ் கத்தரிக்கோலோடு ஒரு எலும்புக்கூடு அகப்பட்டது. 14ஆம் நூற்றாண்டு நாவிதர் என்பார்கள். என் மகன் போகும் வழியெல்லாம் அந்த நாவிதரைப் பற்றியே கேட்டுக்கொண்டு வருவான். எனக்கு மனதில் நின்றது வேறு: கல்லே காணாமற்போன இடங்களில் கெய்லர் சீமெந்துக் கட்டைகளை நட்டுவைத்திருந்தார். இல்லாததற்கும் ஒரு அடையாளம்.

அந்த முகாமும் அப்படித்தான். அவர்களுடைய எட்டுத் திருநாள் நாட்காட்டி 1950களில் ஜெரால்ட் கார்ட்னர், ரொஸ் நிக்கல்ஸ் போன்றவர்களைச் சுற்றி உருவானது. ஆதிகாலத்தது என்று அங்கே விபரம் தெரிந்த எவரும் சாதிக்கவில்லை. தாங்கள் ஒருநாளும் வாழ்ந்திராத ஒரு கிராமத்துக்காக ஏங்கியவர்கள், அதை மூன்று நாளைக்குக் கட்டிப் பார்த்தார்கள். பழைய பேருந்தில் வரும் கிழவர் ஒருவருக்கு மட்டும் ஏங்குவதற்கு நேரில் கண்ட ஒன்று இருந்தது. 1974 முதல் 1984 வரை ஸ்டோன்ஹெஞ்சில் நடந்த இலவச விழா அது. 1985 ஜூன் 1 அன்று அங்கே போன வண்டித் தொடரைப் பொலிஸ் மறித்து, ஒரு அவரை வயலில் வைத்து யன்னல்களை உடைத்து, ஐந்நூறுக்கு மேற்பட்டோரைப் பிடித்துக்கொண்டு போனது. நெருப்படியில் அவர் இதைச் சொன்னபோது பொலிஸ், பஸ், பிள்ளைகள் என்ற சொற்கள் அம்மாவுக்குப் பிடிபட்டுவிட்டன. "பிள்ளையள் உள்ளுக்க இருக்கேக்கையோ?" என்று என்னைக் கேட்டா. ஓம் என்றேன். எங்களுக்கென்று பிளாஸ்கில் வைத்திருந்த தேத்தண்ணியை ஊற்றி அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தா. அதற்குமேல் இருவரும் ஒன்றும் பேசவில்லை.

எனக்கு நிசமாகவே ஓர் ஊர் இருந்தது. கிணற்றடி, கோயில் வீதி, பனங்காணி எல்லாம் இருந்தன. ஆனால் இப்போது நித்திரை வராத இரவுகளில் வந்து நிற்பது அது இல்லை, அந்த வில்ட்ஷயர் வயல். ஊருக்குத் துரோகம் செய்கிறேனோ என்றும் யோசித்திருக்கிறேன். ஊரில் நான் பிள்ளை. பிள்ளைகளைப் பயமில்லாமல் அவிழ்த்துவிட்ட தாயாக நான் இருந்தது அந்த வயலில் மட்டும்தான்.

அம்மா போய்விட்டா. முகாமை நடத்தியவர்களுக்கு வயதாகிவிட்டது, விவசாயியும் நிலத்தை வாடகைக்கு விடுவதை நிறுத்திவிட்டார். 2021 குடிசன மதிப்பீட்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 74,000 பேர் தங்களைப் பேகன் என்று எழுதினார்கள். பத்து வருடத்துக்கு முன்பிருந்ததைவிடக் கூட. ஆகவே வேறு வயல்களில் வேறு ஆட்கள் அடுப்பு மூட்டுகிறார்கள். போய்ப் பார்ப்போமா என்று மகளிடம் கேட்டேன். அவளுக்கு ஞாபகம் இருப்பது கழிவறை மரத்தூள் மட்டும்தானாம். மகனுக்கு அந்த நாவிதரும் மறந்துவிட்டார்.