அயுத்தயாவில் நான் எடுத்துக்கொண்ட ஒரு போட்டோ

இதை எழுதலாமா வேண்டாமா என்று கொஞ்ச நாள் யோசித்தேன். பெருமைப்படுகிற மாதிரி நான் ஒன்றும் செய்துவிடவில்லை. ஆனாலும் தாய்லாந்து போகிற யாருக்காவது உதவும் என்பதால் எழுதுகிறேன்.

செமஸ்டர் லீவில் நாங்கள் நான்கு பேர் பாங்காக் போயிருந்தோம். மூன்றாம் நாள் மற்ற மூவரும் ஷாப்பிங் மால் என்று சொல்ல, நான்தான் அடம்பிடித்து அயுத்தயாவுக்கு இழுத்துப் போனேன். வடக்கே சுமார் 80 கி.மீ., மூன்றாம் வகுப்பு ரயில். ஸ்டேஷனுக்கு எதிரே படகில் ஆற்றைக் கடந்து, அக்கரையில் வாடகை சைக்கிள் எடுத்தோம்.

நம் அயோத்தியின் பெயரைத்தான் இந்த ஊருக்கு வைத்திருக்கிறார்கள். 1351ல் தொடங்கி 400 ஆண்டுகளுக்கு மேல் சயாமின் தலைநகரம். 1767ல் பர்மியப் படை பிடித்து எரித்ததோடு சரி, தலைநகரம் தெற்கே போய்விட்டது. இன்று எங்கு திரும்பினாலும் செங்கல் ஸ்தூபிகளும் இடிந்த சுவர்களும்தான்.

முதலில் போனது வாட் மஹாதாட். (வாட் என்றால் புத்தர் கோயில்.) மர வேர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட புத்தர் தலையைப் படங்களில் பார்த்திருப்பீர்கள், அது இங்கேதான் இருக்கிறது. அதன் முன்னால் நின்று போட்டோ எடுக்கக்கூடாது, நம் தலை புத்தர் தலைக்கு மேலே போகக்கூடாதாம். உட்கார்ந்து எடுத்துக்கொண்டோம். அதுவரை நல்ல பிள்ளைகள்தான்.

கொஞ்சம் தள்ளி வரிசையாகத் தலையில்லாத புத்தர்கள். எனக்கு என்ன தோன்றியதோ, ஒரு சிலையின் பின்னால் போய், அதன் கழுத்துக்கு மேல் என் தலை தெரிகிற மாதிரி நின்று "எடுடா" என்றேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

திரும்பினால் ஒரு பாட்டி, கையில் பூவோடு நின்றுகொண்டிருந்தார். திட்டவில்லை. நான் விலகும்வரை காத்திருந்து, சிலையின் தோளில் நழுவியிருந்த மஞ்சள் துணியைச் சரிசெய்தார். பூவை வைத்து, தரையில் உட்கார்ந்து கும்பிட்டார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. நான் உடைந்த கல் என்று நினைத்தது அவருக்கு இன்னும் புத்தர்தான். வெளியே வரும்போதுதான் போர்டைப் பார்த்தேன். நான் செய்ததையே படமாகப் போட்டு, அதன்மேல் சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள்!

"தலையை வெட்டினதே பர்மாக்காரன், நம்மள போய் சொல்ல வந்துட்டாங்க" என்றான் நண்பன். அது பாதிதான் உண்மை. அதற்குப் பிறகு பாங்காக்கைக் கட்ட இங்கிருந்துதான் செங்கல் பெயர்த்துப் போனார்கள். புதையல் தேடியவர்களும் பழைய சிலை விற்பவர்களும் வேறு. எதிரே இருக்கும் வாட் ராச்சபுரணா 1424ல் கட்டியது. அதன் நிலவறைத் தங்கத்தை 1957ல் கொள்ளையடித்தவர்கள் உள்ளூர்த் திருடர்கள். மிஞ்சியதை அங்குள்ள சாவ் சாம் ப்ரயா மியூசியத்தில் பார்க்கலாம்.

கடைசியாக மோங்கோன் போபிட் கோயில். உள்ளே பிரம்மாண்டமான வெண்கல புத்தர். 1767ல் கூரை எரிந்து விழுந்து, பல காலம் சிதிலமாகக் கிடந்த இடம். 1950களில் அதைப் புதுப்பிக்கப் பணம் கொடுத்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? பர்மா பிரதமர் ஊ நூ! அவருடைய முன்னோர் காலத்தில் நடந்ததற்கு அவர் வந்து பணம் கொடுத்திருக்கிறார். நான் காலையில் செய்ததற்கு அந்தப் பாட்டியிடம் ஒரு மன்னிப்புகூடக் கேட்கவில்லை. தாய் மொழி தெரியாது என்பது சாக்கு. கை கூப்ப மொழி எதற்கு?

ரயிலில் திரும்பும்போது அந்த போட்டோவை அழித்தேன். நண்பனிடமும் அழிக்கச் சொன்னேன். முதலில் சிரித்தான், பிறகு அழித்துவிட்டான்.

அயுத்தயா போனால் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், தண்ணீரும் தொப்பியும் அவசியம். வாசலில் இருக்கும் போர்டை உள்ளே போவதற்கு முன்னால் படித்துவிடுங்கள்.