அப்பாவோட கைக்கடிகாரம்

மஞ்சக்காட்டுக்குத் தண்ணி கட்டிட்டிருந்தப்ப தம்பி போன் பண்ணுனான். அப்பாவோட வாட்ச் அவனுக்கு வேணுமாம். "நீதான் கட்டறதில்லையேண்ணா." நாயமான பேச்சுதான். அப்பா போயி ரெண்டு வருசமா அது பீரோவுல நின்னுபோய்க் கெடக்குது. ஓட வெச்சுக் குடுக்கலாம்னு சந்தைக்குப் போறப்ப எடுத்துட்டுப் போனேன்.

எங்க வீட்டுல அந்த வாட்ச்சுக்குத் தனி மரியாதை. 1974-ல அப்பா கல்யாணத்துக்கு அப்பாரு வாங்கிப் போட்ட எச்எம்டி. பெங்களூர்ல ஜப்பான் சிட்டிசன் கம்பெனி கூட்டுல 1961-ல ஆரம்பிச்ச தொழிற்சாலை அது. அப்பவெல்லாம் மாப்பிள்ளைக்கு எச்எம்டி போட்டாங்கன்னா ஊரே பேசும்.

கடைக்கார பாய்க்கு எழுபது வயசுக்கு மேல இருக்கும். லென்சைக் கண்ணுல மாட்டிட்டு ரொம்ப நேரம் பாத்தாரு. "ஏன் தம்பி, உங்கப்பா இதுக்கு தினமும் சாவி குடுப்பாரா?"

"ஆமாங்க பாய், காத்தால பால் கறந்துட்டு வந்ததும்."

"டயல்ல ஆட்டோமேட்டிக்னு போட்டிருக்கே. கையில கட்டுனா தானா சாவி ஏறணுமே?"

இத்தனை வருசத்துல எனக்கு இது தோணவே இல்லைங்க.

மூடியைக் கழட்டிக் காட்டுனாரு. உள்ள இருந்தது ஜனதா மிஷின், பதினேழு கல்லு, கையால சாவி குடுக்கிறது. கை அசைவுக்குச் சுத்துற அரைவட்டத் தகடு ஆட்டோமேட்டிக்ல இருக்கணும், இதுல இல்லை. டயல் பின்னாடி பெயிண்ட் அடிச்சது. லென்சு வழியா நானும் பாத்தேன். எழுத்தோட ஓரமெல்லாம் மை ஊறுன மாதிரி கலங்கியிருந்துச்சு, நிமிசக் கோடு அஞ்சு மணிகிட்ட கோணிப் போச்சு. டயலுக்கு அடியில ரெண்டு சின்னக் கால் இருக்குமாம், மிஷின் ஓட்டையில உக்கார. அது ரெண்டையும் வெட்டிட்டுப் பசை போட்டு ஒட்டியிருந்தாங்க. வேற மிஷினுக்கான டயல்னு அர்த்தம்.

கடைசியா மூடியோட வெளிப்பக்கத்தைத் துடைச்சாரு. தேஞ்சுபோன எழுத்து. யாருக்கோ ஒரு மில்லுல இருவத்தஞ்சு வருச சர்வீசுக்குக் குடுத்த பரிசு. வருசம் 1985.

எனக்கு வயித்தைப் பெசைஞ்சுது. "அப்ப இது எங்கப்பா வாட்ச்சே இல்லீங்களா?"

"அப்படிச் சொல்ல முடியாது. மூடி மட்டும் பின்னால மாறியிருக்கலாம், மிஷின் உங்கப்பாவோடதா இருக்கலாம். எல்லாத்தையும் விடப் புதுசு எதுவோ, அதுக்கு அப்புறம்தான் இந்த ரூபத்துக்கு வந்திருக்கு. என்னால அவ்ளோதான் சொல்ல முடியும்."

ராத்திரி சோறு போடறப்ப அம்மாகிட்டக் கேட்டேன். கரண்டியைக் கீழ வெச்சுட்டாங்க.

"83-ல மழையே இல்லாமக் கெணறு வறண்டுதே, ஞாபகமிருக்குதா சாமி? உனக்கு எங்க இருக்கப் போவுது. எருதுக்குத் தட்டு வாங்கக் காசில்லீன்னு உங்கப்பா வித்துப்போட்டாரு. அப்பாரு கேக்கறப்பெல்லாம் ரிப்பேருக்குக் குடுத்திருக்குதுன்னாரு. மூணு வருசம் ரிப்பேரு! அப்பறம் கோயமுத்தூர்ல ரோட்டோரமா இதை வாங்கிட்டு வந்தாரு. வாங்கிட்டு வந்த அன்னிக்கு அப்பாரு அதைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. ஒண்ணும் சொல்லாமத் திருப்பிக் குடுத்துட்டாங்க."

அப்பாருக்கு நல்லாப் படிக்கத் தெரியும். இங்கிலீசும் எழுத்துக் கூட்டிப் படிப்பாரு. அன்னைக்கு அந்த எழுத்து இவ்ளோ தேஞ்சிருக்காது.

மறுநாள் தம்பிக்குப் போன் போட்டு எல்லாத்தையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. அப்பறம், "எருது எதுண்ணா, அந்த மயிலையா?"ன்னான். ஆமா, மயிலைதான். அது எங்க வண்டியில இன்னும் ஆறு வருசம் ஓடுச்சு.

பாய் நல்ல ஜனதா டயல் ஒண்ணு தேடித் தரேன்னாரு. 2016-ல எச்எம்டி வாட்ச்சுக்கு மூடுவிழா நடத்துனதுல இருந்து பழசுக்குக் கிராக்கியாம். டயலைத் தொட வேண்டாம், கழுவி எண்ணெய் மட்டும் விடுங்கன்னு சொல்லிட்டேன். வர்ற சந்தையன்னிக்கு வாங்கிக்கணும். தம்பி பொங்கலுக்கு வர்றான்.