உளி பிடித்த கை

கடியாபட்டி வீட்டு அடுப்படிச் சுவரில், ஐயா காலத்து ஜப்பான் டைல்ஸ் 40. முகப்புக்குப் போக மிஞ்சியதை அங்கே ஒட்டியிருந்தார்கள். 'இதை எடுத்துட்டுப் புதுசு போட்டா பளிச்சுனு இருக்கும்' என்று யோசனை சொன்னது என் சம்சாரம். கொத்தனார் கூலியை மிச்சம் பிடிக்க உளியை எடுத்தது நான். ஆபீஸில் ஸ்டேப்ளர் தவிர வேறு ஆயுதம் அறியாதவன் ஸார்!

நட்ட நடுவில் வைத்தேன் ஒரு போடு. ரோஜாப்பூ போட்ட டைல் நாலாகச் சிதறியது. ஒரு சில்லு கண்ணோரமாகப் பறந்தது. அசருவேனா? இன்னும் இரண்டைக் காலி செய்தேன்.

சத்தம் கேட்டு ஆத்தா வந்தாள். திட்டவில்லை. சில்லுகளை முந்தானையில் பொறுக்கிக்கொண்டாள். அதுதான் பயமாக இருந்தது.

"1942-ல ஜப்பான்காரன் பர்மாவுக்குள்ள வந்து ஒங்க ஐயாவோட ரங்கூன் கடையே போச்சு. அவன் ஊரு கல்லு மட்டும் இங்கின நின்னுச்சு. அதையும் நீ தட்டிப்பிட்டியே!"

கொத்தனாரைக் கூப்பிட்டேன். மனுஷர் நடுவில் தட்டவே இல்லை. ஓரத்து இடுக்கை ரம்பத் துண்டால் சுரண்டி, தண்ணீர் தெளித்து, தட்டை உளியைச் சாய்த்து மெல்லத் தட்டினார். முழுசாகக் கையில் வந்தது.

"சுண்ணாம்புக் காரை தம்பி, விட்டுக் குடுக்கும். சிமெண்ட்டுன்னா ஒடைஞ்சுதான் வரும்."

37 தேறியது. காரைக்குடி பழைய சாமான் கடையில் விலை விசாரிக்கலாமா என்றாள் சம்சாரம். ஆத்தா பார்த்த பார்வையில் அத்தனையும் திரும்பச் சுவரேறின. நான் வாங்கிய புதுசு பாத்ரூமுக்குப் போயிற்று. மூன்று மட்டும் அடுப்படியில், வெள்ளைவெளேரென்று.

காபி கொடுக்கும்போதெல்லாம் ஆத்தா அந்தப் பக்கமே பார்க்கிறாள்.